பச்சை இலைக் கணக்குக்கு ஒரு ஃப்ளட்டர் செயலி: இதுவரை ஆனது

கோத்தகிரிப் பக்கம் தேயிலை சேகரிக்கும் கொட்டகையில் (ஷெட்) பச்சை இலை போடும் அன்று கிலோ தெரியும், விலை தெரியாது. தேயிலை வாரியம் அந்த மாதத்துக்கான பச்சை இலை விலையை அறிவித்த பிறகே ரூபாய்க் கணக்கு முடியும். அந்த ஒரே எண்ணைத் தட்டியதும் எல்லோருடைய தொகையும் திரையில் மாற வேண்டும். ஒரு மதிப்பு மாறினால் அதைச் சார்ந்தவை தானே மாறும் ரியாக்டிவ் முறை இதற்கென்றே செய்தது போல இருக்கிறது.

எடை போடும் இடத்தில் ஆண்ட்ராய்டு போன், கணக்கு பார்க்கும் இடத்தில் உபுண்டு லேப்டாப். இரண்டுக்கும் ஒரே நிரல் போதும் என்பதால், செயலி எழுத உதவும் கூகுளின் கருவித்தொகுப்பான ஃப்ளட்டர். லினக்ஸுக்கான நிலையான ஆதரவு 2022 மே மாதம் ஃப்ளட்டர் 3-உடன் வந்தது. உபுண்டுவில் பில்ட் போட (நிரலை இயங்கு கோப்பாக்க) கிளாங், சிமேக், நிஞ்சா, பிகேஜி-கான்ஃபிக், ஜிடிகே 3 டெவலப்மென்ட் தொகுப்பு ஆகியவையும் வேண்டும். எது விடுபட்டாலும் 'ஃப்ளட்டர் டாக்டர்' கட்டளை காட்டிவிடும்.

பதிவில் சேமிப்பவை: தேதி, பெயர், மொத்த எடை, சாக்கு எடை, ஈரக் கழிவு சதவீதம். நிகர எடையையும் தொகையையும் சேமிக்கவே கூடாது. கேட்கும்போது கணக்கிட்டுத் தர வேண்டும். சேமித்து வைத்தால், பிறகு சாக்கு எடையைத் திருத்தும்போது நிகரம் பழைய எண்ணிலேயே நிற்கும். எடை எல்லாம் கிராமில், முழு எண்ணாக. 42600 கிராமில் சாக்கு 1200 போனால் 41400, அதில் 5 சதவீத ஈரம் 2070, நிகரம் 39330. தசம எண்ணுக்கான 'டபுள்' வகையில் 0.1-உம் 0.2-உம் சேர்ந்தால்கூடத் துல்லியமாக 0.3 ஆகாது. பணம் புழங்கும் கணக்கில் அதை நம்பக் கூடாது.

விலை ஒரு வேல்யூநோட்டிஃபையரில் (மதிப்பு மாறினால் சேதி சொல்லும் பொருள்), பதிவுப் பட்டியல் இன்னொன்றில். 'லிசனபிள் மெர்ஜ்' கொண்டு இரண்டையும் இணைத்து, சேதி வந்ததும் திரையின் அந்தப் பகுதியை மறுபடி வரையும் லிசனபிள்பில்டரிடம் கொடுத்தால், எது மாறினாலும் மொத்தம் தானே புதுப்பிக்கப்படும். இங்கேதான் பலரும் தடுக்கி விழுவது: பட்டியலில் 'ஆட்' போட்டுப் புதுப் பதிவைச் சேர்த்தால் திரை அசையாது, பிழைச் செய்தியும் வராது. வேல்யூநோட்டிஃபையர் தன்னிடம் புது மதிப்பு வைக்கப்படும்போது மட்டுமே, அதுவும் அது பழையதற்குச் சமமில்லை என்றால் மட்டுமே, சேதி சொல்லும். உள்ளே ஒரு பதிவு கூடினாலும் பட்டியல் அதே பொருள்தான். பழைய பதிவுகளோடு புதியதையும் சேர்த்து வேறொரு பட்டியலாக்கி வைக்க வேண்டும். பதிவைத் திருத்தும்போதும் இதே விதிதான்.

எடைப் பெட்டியில் தட்டியதை வைத்திருக்கும் டெக்ஸ்ட் எடிட்டிங் கன்ட்ரோலரை, திரையை வரையும் 'பில்ட்' முறைக்குள் உருவாக்கக் கூடாது. திரை புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் தட்டிய எண் அழிந்துவிடும். தொடக்கத்தில் ஒரே முறை ஓடும் 'இனிட்ஸ்டேட்'டில் உருவாக்கி, முடிவில் ஓடும் 'டிஸ்போஸ்' முறையில் விடுவிக்க வேண்டும். போனில் எண் விசைப்பலகை கேட்டால் கிடைக்கும். லேப்டாப்பில் அந்த அமைப்புக்கு மதிப்பே இல்லை, எழுத்தும் உள்ளே போகும். எண்ணும் புள்ளியும் மட்டும் ஏற்கும் இன்புட் ஃபார்மேட்டர் இரண்டுக்கும் பொது, அதை விட்டுவிடக் கூடாது.

தமிழ் எழுத்துருவைச் செயலியோடு சேர்த்தே அனுப்புவது நல்லது; நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். கணினியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் பெயர்கள் வெறும் கட்டங்களாகத் தெரியும். வரி உயரம் 1.0 என்றால் 'கூ', 'ஸ்ரீ' போன்றவை அடியிலோ மேலோ வெட்டுப்படலாம், 1.4 வைத்தால் நெருக்கடி இல்லை. பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் காட்ட சொல்லின் ஒரு பகுதியை வெட்டித் தரும் 'சப்ஸ்ட்ரிங்' உதவாது: 'நீ' என்பது ஃப்ளட்டரின் நிரல்மொழியான டார்ட்டுக்கு இரண்டு அலகு, வெட்டினால் 'ந' மட்டும் மிஞ்சும். கேரக்டர்ஸ் தொகுப்பு அதை ஒரே எழுத்தாக எடுக்கும்.

செயலி ஓடும்போதே நிரல் மாற்றத்தைத் திரையில் காட்டும் ஹாட் ரீலோட் வேகமானதுதான். ஆனால் 'இனிட்ஸ்டேட்'டிலும் குளோபல் மாறிகளின் தொடக்க மதிப்பிலும் செய்த மாற்றம் அதில் தெரியாது. அதற்குச் செயலியை முதலிலிருந்து தொடங்கும் ஹாட் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும்.

லினக்ஸுக்கு ரிலீஸ் பில்ட் போட்டதும் 'பண்டில்' கோப்புறை கிடைக்கும். இயங்கு கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துப் போனால் திறக்காது. பக்கத்திலுள்ள 'லிப்', 'டேட்டா' கோப்புறைகளும் கூடவே போக வேண்டும். விண்டோஸ் பதிப்பு வேண்டுமென்றால் விண்டோஸ் கணினியில்தான் பில்ட் போட முடியும். அது இன்னும் பாக்கி.