யானையின் வாயும் காலும்

பொதுநிதி வகுப்பில் வரியைத் தொட்டால் புறநானூற்றின் 184ஆம் பாட்டு வராமல் இருக்காது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால், ஒரு ‘மா’ என்ற பழைய நில அளவுக்கும் குறைந்த நிலமே யானைக்குப் பல நாளுக்குக் காணும். அதுவே தனியாக வயலில் புகுந்தால், நூறு வயலானாலும் வாய்க்குள் போவதைவிடக் காலில் கெடுவதுதான் அதிகம். அரசன் வரி வாங்குவதற்கு இந்த யானையை உவமையாக்கி, பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் புலவர் பிசிராந்தையார் சொன்னது. 2019 ஜூலை 5 அன்று நிர்மலா சீதாராமன் பட்ஜெட் உரையில் எடுத்துச் சொன்ன பிறகு, பாளையங்கோட்டையில் நான் திருத்தும் விடைத்தாள்களிலும் யானை தவறாமல் வருகிறது.

ஆனால் எந்த யானை? ‘வரி விகிதம் குறைவாக இருக்க வேண்டும்’ என்பதற்கு மேற்கோளாகத்தான் பெரும்பாலும் நிற்கிறது. பாட்டு விகிதத்தைப் பற்றிப் பேசவே இல்லை. வாங்கும் முறையைப் பற்றிப் பேசுகிறது. பின்பாதியில் ‘வரிசை அறியாக் கல்லென் சுற்றம்’ என்று ஒரு கூட்டம் வருகிறது: முறை தெரியாமல் அரசனைச் சுற்றி இரைச்சல் போடுகிறவர்கள். அவர்களோடு சேர்ந்து, இரக்கமில்லாமல் பிடுங்கும் பொருளை அரசன் விரும்பினால் அவனும் உண்ண மாட்டான், உலகமும் கெடும் என்கிறார் புலவர். பொருளாதாரக் கட்டுரைக்கு வரும்போது முதலில் உதிர்வது இந்தச் சுற்றம்தான். எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. 1776இல் பொருளியலாளர் ஆடம் ஸ்மித் சொன்ன நான்காவது வரிவிதியும் இதே இடத்தில்தான் நிற்கிறது: வசூலிக்கும் அதிகாரிகளின் எண்ணிக்கையும் அவர்களின் ஓயாத சோதனையும், கஜானாவுக்குப் போவதைவிட அதிகமாக மக்களிடமிருந்து எடுத்துவிடக் கூடும்.

பொருளாதாரம் கடன் வாங்கிய கதை மாறுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மாண்டவில் என்ற எழுத்தாளர் 1705இல் எழுதிய தேனீக் கதையில், தேனீக்கள் நேர்மையாக மாறியதும் கூட்டின் வியாபாரமே படுத்துவிடும். 1936இல் பொருளியலாளர் கெய்ன்ஸ் அதை எடுத்தபோது ஒழுக்கம் பின்னுக்குப் போய், எல்லோரும் சிக்கனமானால் வேலை என்ன ஆகும் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. அந்த மாற்றத்தால் கதை கூர்மையானது.

யானைப் பாட்டுக்கு அந்தக் கூர்மையைக் கொடுத்தது கடையம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி. மலையடிவாரத்தில் அவர்களுக்கு வாழை. “சார், ஆனை தின்னது கொஞ்சந்தான். சாய்ச்சுப் போட்டதுதான் கணக்கே இல்ல. வரப்பு வேற உடைஞ்சு போச்சு, அதக் கட்டுறதுக்குக் கூலி” என்றாள். அப்புறம் அவளே கேட்டாள்: விற்பனையே இல்லாவிட்டாலும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடணுமே, அதற்கு ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணம் வாயா, காலா?

கால்தான். அது அரசுக்குக் கட்டும் வரியில்லை. சின்னக் கடைக்காரர்களிடம் இந்தச் செலவைக் கேட்டுத் தொகுப்பதைத்தான் அவள் ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறாள். நானும் இப்போது பாட்டைப் பின்பாதியிலிருந்து நடத்துகிறேன்.