சினிமாவுக்காகப் பெயரை மாற்றினேன்: கெசட் முதல் பேங்க் வரை

வாய்ப்பு தேடிக்கொண்டிருக்கும் தம்பிகள் என்னிடம் இரண்டு விஷயம் கேட்கிறார்கள். பெயரை மாற்றினால் நிஜமாகவே படம் கிடைக்குமா? மாற்றினால் ஆதார், பான் எல்லாம் என்ன ஆகும்? முதல் கேள்விக்குச் சாலிகிராமம் டீக்கடையில் நிற்கிற எல்லோரிடமும் பதில் இருக்கிறது. இரண்டாவதற்குத்தான் ஒழுங்காகப் பதில் சொல்ல ஆள் இல்லை, அதனால் நான் போன வழியை எழுதிவைக்கிறேன்.

என் பழைய பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அதே பெயரில் ஏற்கனவே நன்றாகத் தெரிந்த நடிகர் ஒருவர் இருக்கிறார், அது போதும். ஆடிஷனில் பெயரைச் சொன்னதும் ஒரு சிரிப்பு வரும், "சார் பெரிய ஆளுப்பா" என்பார்கள். கிண்டல் பழகிவிட்டது, அது பிரச்சினையே இல்லை. வேலை போனதுதான் பிரச்சினை. ஒரு கோ-டைரக்டருக்கு என் நடிப்பு பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர் டைரக்டரிடம் காட்டுவதற்காக என் பெயரைப் போட்டு யூடியூபில் தேடினால் முதல் பத்துப் பக்கத்துக்கு அந்த நடிகரின் பேட்டிகளும் பாடல்களும்தான் வரும். நான் நடித்த குறும்படம் எங்கோ அடியில் கிடக்கும். போனில் என் நம்பரைக்கூட என் பெயரில் யாரும் சேமிப்பதில்லை, 'போலீஸ் கேரக்டர்', 'உயரமானவர்' என்றுதான் வைத்திருப்பார்கள். ஆறு மாதம் கழித்து அந்த 'உயரமானவர்' யாரென்று அவர்களுக்கே தெரியாது.

இது புதுக் கதை இல்லை. சூர்யாவின் இயற்பெயர் சரவணன். அந்தப் பெயரில் ஏற்கனவே ஒரு நடிகர் இருந்ததால் மணிரத்னம் வைத்த பெயர்தான் சூர்யா. சிவாஜி ராவுக்கு ரஜினிகாந்த் என்று வைத்தவர் பாலசந்தர். நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடித்த கணேசனைச் 'சிவாஜி' என்று அழைத்தவர் பெரியார். எம்.ஜி.ஆர்.கூட ஆரம்பகாலப் படங்களில் ராம்சந்தர் என்றுதான் வந்திருக்கிறார். கென்னடி என்ற விக்ரம் தன் பெயரைத் தானே உண்டாக்கிக்கொண்டவர், அதன் பிறகும் தொண்ணூறுகள் முழுக்கப் போராடி 1999-இல்தான் அவருக்கு விடிந்தது. பெயர் மாற்றினால் உடனே விடியும் என்பவர்களிடம் நான் விக்ரமைத்தான் சொல்வேன். 2025 ஜனவரியில் ஜெயம் ரவி, இனிமேல் ரவி மோகன் என்று அறிவித்தார். ஜெயித்து முடித்தவர்களும் மாற்றுகிறார்கள், ஆனால் அவர்கள் மாற்றுவது வேறு விஷயம், ஊரே அவர்களுக்காகப் புதுப் பெயரை மனப்பாடம் செய்யும். நம்மைப் போன்றவர்களுக்குப் பழைய பெயரே யாருக்கும் தெரியாது. அதில் ஒரு வசதியும் உண்டு.

பெயர் தேர்ந்தெடுக்க நண்பன் ஒருவன் என்னை எண்கணிதம் பார்ப்பவரிடம் இழுத்துப்போனான். அவர் ஆங்கிலத்தில் நடுவே இரண்டு 'ஏ', கடைசியில் ஒரு 'ஹெச்' சேர்த்து ஒரு பெயரை எழுதிக் கொடுத்தார். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அதை ஒரு புரொடக்ஷன் மேனேஜர் போனில் கேட்டு ஒருநாளும் சரியாக எழுத முடியாது, எழுத்து மாறினால் அந்த 'அதிர்ஷ்டம்' எங்கே போகும் என்று கேட்டால் அந்த எண்கணிதக்காரரிடம் பதில் இல்லை. நான் பார்த்தது வேறு: தேடினால் வேறு யாரும் வரக்கூடாது, தமிழில் ஒரே மாதிரிதான் எழுத முடிய வேண்டும், ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே அசிஸ்டென்ட் டைரக்டர் கத்திக் கூப்பிட்டாலும் புரிய வேண்டும். கடைசியாகச் சொன்னதை வடபழனி சிக்னல் பக்கம் நின்று நண்பனைக் கத்தச்சொல்லிச் சோதித்தும் பார்த்தேன். அப்பாவுக்குக் கோபம் வரும் என்று பயந்துகொண்டே போன் செய்தால் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, "இனிஷியல் இருக்குல்ல?"

இருக்கிறது அப்பா. (அந்த இனிஷியல்தான் பின்னால் என்னைப் படுத்தி எடுத்தது.)

பெயரோடு சேர்த்து முகத்தையும் மாற்றினேன், சொல்லப்போனால் அதுதான் பெரிய மாற்றம். என்னுடைய பழைய போர்ட்ஃபோலியோ ஹீரோ ஆக வந்த எல்லோருடையதையும் போலத்தான் இருக்கும். இசிஆரில் எடுத்தது, கோட், கூலிங் கிளாஸ், இரண்டு ஷேடு வெளுக்கவைத்த முகம். ஒரு கோ-டைரக்டர் அதைப் புரட்டிவிட்டு "செல்போன் கடை விளம்பரம் மாதிரி இருக்கு தம்பி, உங்களுக்கு எந்த ஊரு?" என்றார். ராமநாதபுரம் பக்கம் என்றேன். "அப்படியே போட்டோ எடுத்துட்டு வாங்க" என்றார். மேக்கப் இல்லாமல், தாடியில் இருந்த நரைக்குச் சாயம் அடிக்காமல், நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, முழு உருவம் ஒன்று எடுத்தேன். கூடவே ஊர்ப் பேச்சில் ஒரு நிமிட அறிமுக வீடியோ. சென்னைக்கு வந்து பல வருஷமாக அந்தப் பேச்சை வாயிலிருந்து கழுவிவிடத்தான் பாடுபட்டிருந்தேன், ஆடிஷனில் 'நியூட்ரலாக' பேசினால்தான் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு. தெற்குச் சீமைக் கதை எடுக்கிற டைரக்டருக்கு அந்தப் பேச்சை டப்பிங்கில் வேறொருவரை வைத்து ஒட்டுவது பெரிய தலைவலி, நடிக்கிறவனே பேசிவிட்டால் அவருக்குச் சந்தோஷம். புதுப் பெயர், புதுப் படம், பழைய பேச்சு. இந்த மூன்றையும் ஒரே நாளில் எல்லா காஸ்டிங் குரூப்பிலும் போட்டேன். கான்ஸ்டபிள், பங்காளி, மீன் ஏலம் விடுகிறவர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இதில் பெயருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால், தேடினால் கிடைக்கிறேன், அவ்வளவுதான். கூப்பிட்டது முகத்துக்கும் பேச்சுக்கும்தான் என்று நினைக்கிறேன்.

இதுவரைக்கும் ஒரு அரசு அலுவலக வாசலைக்கூட மிதிக்கவில்லை, மிதிக்கத் தேவையும் இல்லை. டைட்டில் கார்டில் எந்தப் பெயர் போடவும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். அதோடு நின்றிருப்பேன், ஆனால் ஒரு தயாரிப்பு நிறுவனம் எனக்குத் தர வேண்டிய பணத்தைப் புதுப் பெயரில் செக்காக எழுதிவிட்டது. பேங்கில் அப்படி ஒரு ஆளே இல்லை. மாற்றி எழுதித் தரச்சொல்லி அலைந்தேன், அந்த ஆபீஸில் ஆளுக்கொரு நாள் சொன்னார்கள். அடுத்த படத்தில் வெளிநாட்டு ஷூட்டிங் என்றார்கள், விசாவுக்கு அனுப்பிய பட்டியலில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர். சரி, சட்டப்படியே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

தமிழ்நாட்டில் பெயர் மாற்றத்தை அரசிதழில், அதாவது கெசட்டில், அச்சிடச் சொல்லி எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும், சென்னை அண்ணா சாலையில் இருக்கிறது, படிவம் அவர்களுடைய இணையதளத்திலேயே கிடைக்கும். பிறந்த தேதிக்குச் சான்று, முகவரிக்குச் சான்று, போட்டோ, சான்றொப்பம், பழைய பெயரிலும் புதுப் பெயரிலும் கையெழுத்து. கட்டணம் சில நூறு ரூபாய்தான். வெளியே இதையே செய்துதருவதாகச் சொல்லும் ஏஜென்ட்டுகள் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள், படிவத்தை நிரப்பத் தெரிந்தவருக்கு அவர்கள் தேவையில்லை. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: படிவத்தில் எப்படி எழுதுகிறீர்களோ அப்படியேதான் அச்சாகும். ஆங்கில எழுத்து, இனிஷியல், இனிஷியலுக்குப் பின் புள்ளி, இடைவெளி எல்லாம். அதுதான் இனி உங்கள் பெயர்.

இனிஷியல் கதைக்கு வருகிறேன். நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல், குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஆனால் பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கட்டாயம், அங்கே ஒற்றை எழுத்தை ஏற்க மாட்டார்கள், அதனால் அப்பாவின் முழுப் பெயர் நம் பெயரின் வாலாகப் போய் உட்காரும். ஆதாரில் இனிஷியல் முன்னால், பேங்கில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. பழைய பெயரிலேயே நான் மூன்று ஆளாகத்தான் இருந்திருக்கிறேன். எப்படியும் மாற்றுகிறோம், எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று கெசட்டிலேயே அப்பாவின் முழுப் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், திரையில் இனிஷியலோ வாலோ இல்லாமல் போட்டுக்கொள்ளலாம்.

அரசிதழின் ஆறாம் பகுதி, நான்காம் பிரிவில் பெயர் மாற்றங்கள் வரும். இன்னாருடைய மகன், இந்தத் தேதியில் பிறந்தவன், சொந்த மாவட்டம் இது, இந்த முகவரியில் வசிப்பவன், இனி இப்படி அழைக்கப்படுவேன் என்று ஒரு பத்தி. என்னுடையதைத் தேடும்போது மற்றவர்களுடையதையும் படித்துக்கொண்டே போனேன். ஒரே ஒரு எழுத்து கூட்டியவர்கள், பெயரை மொத்தமாகத் தூக்கிப்போட்டவர்கள், குழந்தைக்காக மாற்றிய பெற்றோர். எல்லோருடைய வீட்டு முகவரியும் கதவு எண்ணோடு அச்சாகியிருக்கிறது, அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. வாடகை வீட்டு முகவரி கொடுப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

கெசட் கையில் வந்ததும் முதலில் ஆதார். முழுப் பெயரும் மாறுகிறது என்றால் கெசட்டையும் பழைய பெயரில் உள்ள அடையாளச் சான்றையும் கேட்பார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், ஆகவே ஜோசியர் அடுத்த வருஷம் இன்னொரு பெயர் சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஆதாருக்கு அப்புறம் பான். எண் மாறாது, பெயர்தான் மாறும். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் ஆதாரும் பானும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும், நமக்கு அது வெறும் காகிதப் பிரச்சினை இல்லை. நடிகர்களுக்குத் தரும் பணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரி, முன்கூட்டியே பிடிப்பார்கள், பான் செல்லாமல் போனால் 20. பிடித்த பணத்தைக் கணக்கு காட்டித் திரும்ப வாங்கவும் பான் சரியாக இருக்க வேண்டும். பானும் ஆதாரும் ஒத்துப்போனதும் பேங்கில் பெரிய கேள்வி எதுவும் இல்லை, புதுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாற்றிவிட்டார்கள். பாஸ்போர்ட்டுக்கு மறுவழங்கல் விண்ணப்பம், வாக்காளர் அட்டைக்கு எட்டாம் எண் படிவம்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இன்றைக்கும் பழைய பெயர்தான் இருக்கிறது. கேட்கிற இடத்தில் அதையும் கெசட் நகலையும் சேர்த்துக் கொடுக்கிறேன், இதுவரை யாரும் மறுக்கவில்லை. கெசட்டின் பிடிஎஃப்பைப் போனிலும் மெயிலிலும் வைத்துக்கொள்ளுங்கள், ஷூட்டிங் ஸ்பாட்டில் அக்ரிமென்ட்டை நீட்டும்போது கேட்பார்கள்.

அந்தச் செக் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். செக் தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும், என் பெயர் பேங்கில் மாறுவதற்குள் அது காலாவதியாகிவிட்டது. புதிதாக ஒன்று எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறேன், மேனேஜர் அவுட்டோரில் இருக்கிறாராம்.