மலையூர்ப் பிள்ளைகளை அளந்த அனுபவம்

ஏற்காடு மலைக் கிராமங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உயரம், எடை எடுக்கும் கணக்கெடுப்பில் வேலை பார்த்தேன். அடுத்து போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பயிற்சி சேலத்தில் நடந்தது. ஒரே பிள்ளையை ஒவ்வொருவரும் இரண்டு தடவை அளக்கவேண்டும்; முதல் அளவைக் கண்ணில் காட்டமாட்டார்கள். இரண்டும் ஒத்துவந்தவர்களைத்தான் மலைக்கு அனுப்பினார்கள். அந்தக் கண்டிப்பு ரொம்பவே தேவை.

நாகலூர்ப் பக்கம் பெரிய பாடு வயதுதான். பிறந்த தேதி தெரியாமல் உயரத்தை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது. தாய் சேய் நல அட்டை இருந்தால் தப்பித்தோம். இல்லாத வீட்டில், "சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு முன்னாடி பொறந்துச்சா, பின்னாடியாங்க்கா?" என்று கேட்டுக் கேட்டு மாதத்தைப் பிடிப்போம். குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைக் கழற்றித்தான் எடை. உச்சிக்கொண்டையை அவிழ்த்துத்தான் உயரம். அப்போதுதான் தலைப்பலகை மண்டையில் படியும்.

இரண்டு வயது முடிந்த ஒரு பாப்பா நிற்கவே மாட்டேன் என்று அழுதாள். பலகையில் படுக்கவைத்து, முழங்காலை மெதுவாக அழுத்திப் பார்த்தால் 79.7 செ.மீ. இரண்டு வயதுக்கு மேல் நிற்கவைத்துத்தான் அளக்கவேண்டும், படுக்கவைத்தால் 0.7 கழிக்கவேண்டும். கழித்தால் 79.0. அந்த வயதுப் பெண் பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் எல்லை 79.3. கழிக்காமல் விட்டிருந்தால் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளின் பட்டியலில் அவள் பெயர் வந்திருக்காது.

மேல்கையைச் சுற்றி அளக்கும் கைச்சுற்று நாடா பச்சை காட்டியது, அதாவது 12.5 செ.மீ.க்கு மேல். இப்போதைக்கு மெலிவில்லை. ஆனால் உயரம் குறைந்தது நெடுநாள் குறை.

அவள் பாட்டி, "எங்க சனமே குள்ளந்தான் சாமி" என்றார். இதைப் பல வீட்டில் கேட்டுவிட்டேன்; ஒவ்வொரு தடவையும் மனசு கேட்காது. 2006இல் வந்த அந்த உலக சுகாதார நிறுவன அளவுகோலுக்கு, நம்ம டெல்லிப் பிள்ளைகள் உட்பட ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்தார்கள். தாய்ப்பால், நல்ல சாப்பாடு, சுத்தம் எல்லாம் அமைந்த இடத்தில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே வளர்ந்திருந்தார்கள். ஒரு பிள்ளை குள்ளமென்றால் அப்பா அம்மா வாகு என்று சொல்லலாம். ஊரில் பாதிப் பிள்ளைகள் அப்படியென்றால் அது சாப்பாடும், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும், கர்ப்பத்திலேயே தாய்க்கு இருந்த சத்துக்குறைவும்தான்.

பாட்டிக்கு முதுகு கூனிவிட்டது. இப்படிப்பட்டவர்களை நிற்கவைத்து அளந்து பயனில்லை. முழங்காலை மடக்கச் சொல்லி, குதிகாலிலிருந்து முட்டிவரை அளந்து உயரத்தைக் கணிக்கலாம். முதுகெலும்பு வயதானால் குறுகும். கெண்டைக்கால் எலும்பு இளவயதில் வளர்ந்த நீளத்திலேயே நிற்கும். இதை அவருக்கும் சொன்னேன். "அப்ப நான் சின்னதுல பட்டினி கெடந்ததும் இதுல தெரியுமா?" என்று கேட்டார். ஒரு ஆளை வைத்துச் சொல்லமுடியாது, ஊரையே அளந்தால் தெரியும் என்றேன்.

அங்கன்வாடி டீச்சர் பாப்பாவின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, அடுத்த மாதம் கட்டாயம் கூட்டிவரச் சொன்னார்.