குஷன் பறந்த ஞாயிற்றுக்கிழமை

ஹாலில் இன்னும் பஞ்சு அடங்கவில்லை. ஃபேன் போட்டால் கிளம்பி நேராக அத்தையின் காபி டம்ளரில் போய் இறங்குகிறது. போடியிலிருந்து சொல்லிவைத்து வரவழைத்த இலவம் பஞ்சு. தைத்துக் கொடுத்த பெரியவர், "பத்து வருஷத்துக்கு அசையாதும்மா" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். அவருக்கு ஸ்லேயர் என்கிற அமெரிக்க மெட்டல் குழுவின் ரசிகர்களைத் தெரியாது, பாவம்.

நேற்று ஈரோட்டு அண்ணனும் பேங்க் அண்ணனும் வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்கு ஆஜர். அரிசியும் பருப்புச் சாதத்துக்கு நெய் ஊற்றிச் சாப்பிட்டால் அப்படியே சாய்ந்து தூங்குகிற வயசுதான் இவரையும் சேர்த்து மூன்று பேருக்கும். தூங்கித் தொலைத்திருக்கலாம். இவர் சும்மா இருக்காமல் 'கிளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ்' என்று திரியைக் கொளுத்திவிட்டார்.

1990-இல் ஐரோப்பாவிலும் 91-இல் அமெரிக்காவிலும் ஊர் ஊராகப் போய் நடந்த, த்ராஷ் மெட்டல் என்கிற அதிவேக முரட்டு ராக் இசைத் திருவிழா அது. ஐரோப்பாவில் ஸ்லேயர், மெகாடெத், டெஸ்டமெண்ட், சூயிசைடல் டெண்டன்சீஸ் என்று நாலு குழுக்கள். அமெரிக்காவில் ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் மூன்று பேரும் மாற்றி மாற்றிக் கடைசியாக மேடையேறினார்கள். யாருக்கும் மனசு கோணக்கூடாதாம். எனக்கு இதெல்லாம் தெரிந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். கல்யாணம் ஆகி வந்தால் நாத்தனார் வீட்டு முறை வரிசையெல்லாம் தானாக மனப்பாடம் ஆவதில்லையா, இதுவும் அந்தக் கணக்குதான்.

இவர்கள் பேசுவதைக் கேட்டால் மூன்று பேரும் மேடைக்கு அடியில் நின்றுவிட்டு நேற்றுதான் ரயிலிறங்கி வந்தவர்கள் என்று நினைப்பீர்கள். அந்த வருஷம் ஈரோட்டு அண்ணன் ரெண்டாங்கிளாஸ். பேங்க் அண்ணனுக்கு அப்போதுதான் மொட்டை போட்டுக் காது குத்தியிருந்தார்கள். இவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அத்தையிடம் கேட்டேன். "அம்மை போட்டுப் படுத்திருந்தான் கண்ணு. வேப்பிலையில சுத்தி வெச்சிருந்தேன்" என்றார்.

பேங்க் அண்ணனிடம் ஸ்லேயரின் 'டிகேட் ஆஃப் அக்ரஷன்' இரட்டை ஆல்பம் இருக்கிறது. 1990 அக்டோபரில் வெம்ப்ளி அரீனாவில் பதிவு பண்ணியதும், மறு வருஷம் ஃப்ளோரிடாவின் லேக்லண்டில் பண்ணியதும் அதில் கலந்து வரும். கூட்டம் கைதட்டுவதை வைத்தே இது லண்டனா ஃப்ளோரிடாவா என்று சொல்லிவிடுவாராம். லண்டன்காரன் தட்டினால் கொஞ்சம் ஈரமாகக் கேட்குமாம். இந்த மனுஷன்தான் பகலெல்லாம் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்து தங்கத்தை உரசிப் பார்க்கிறார்.

சண்டை பிடித்தது ரெட் ராக்ஸில். கொலராடோவில் செம்பாறைகளுக்கு நடுவில் இருக்கிற திறந்தவெளி அரங்கம். அமெரிக்கச் சுற்றில் முதல் ஆளாக டெத் ஏஞ்சல் குழு வாசித்திருக்க வேண்டும். பஸ் விபத்தில் சிக்கிக்கொண்டதால் அந்த இடத்துக்கு ஆலிஸ் இன் செயின்ஸ் வந்தார்கள். சியாட்டில் பையன்கள், வாசிப்பதும் த்ராஷ் கிடையாது. ரெட் ராக்ஸ் கூட்டம் கையில் கிடைத்ததையெல்லாம் அவர்கள்மேல் எறிந்திருக்கிறது. பாடகர் லேய்ன் ஸ்டேலி ஓடி ஒளியவில்லை, கூட்டத்தோடு சரிக்குச் சரி நின்றார். ஒருத்தரும் மேடையை விட்டு இறங்காமல் வாசித்து முடித்துவிட்டுத்தான் போனார்கள்.

"எறிஞ்சதுல என்ன தப்பு? த்ராஷ் பார்க்கத்தான் டிக்கெட் எடுத்தான்" என்றார் பேங்க் அண்ணன்.

"நீ ஒரு மேடை ஏறி நின்னு பாரு, தெரியும்" என்றார் ஈரோட்டு அண்ணன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. முப்பது வருஷத்துக்கு முந்தி, யாருக்கோ, எங்கேயோ.

"அடுத்த பசங்களுக்கு அடிபட்டுச்சுன்னு ஒத்தாசைக்கு வந்தவங்களைப் போயி எறியறதா?" என்று அத்தையும் சேர்ந்துகொண்டார். அத்தை இந்த விஷயத்தில் கரை கண்டவர். ஸ்லேயரின் டாம் அராயா அவருக்கு ரொம்பப் பிடித்தம். பேய் பிசாசு என்று பாடுகிறாரே என்றால் காதிலேயே வாங்கமாட்டார். மூச்சுத் திணறும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி வேலையில் இருந்து, அந்தச் சம்பளத்தையும் போட்டு 1983-இல் முதல் ஆல்பத்தை எடுத்தவர் என்று இவர் என்றைக்கோ சொல்லிவைத்தது மனசில் தங்கிவிட்டது. "உழைச்சு முன்னுக்கு வந்த புள்ளை" என்பார். 2019-இல் கடைசிக் கச்சேரி என்று முடித்துவிட்டு 2024-இல் மறுபடி மேடையேறியபோதும், "வீட்ல சும்மா உக்காந்திருந்தா கை கால் பிடிச்சுக்குமல்ல" என்று முடித்துவிட்டார். மெட்டாலிகா குழுமேல் மட்டும் அத்தைக்குத் தீராத வருத்தம். பிற்பாடு மெகாடெத்தைத் தொடங்கிய டேவ் மஸ்டெய்னைத் துரத்திவிட்டு நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியா வரைக்கும் பஸ்ஸில் அனுப்பினார்களே, அதற்கு. வழியில் சாப்பிடக் காசு கொடுத்தார்களா என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். பதில் சொல்ல ஆளில்லை.

இவர் நடுநிலைமை என்ற பெயரில் எண்ணெய் ஊற்றினார். "அமெரிக்கக் கூட்டம் சொந்த சாமியையே விடலைடா. 88-ல நியூயார்க் ஃபெல்ட் ஃபோரம்ல ஸ்லேயர் வாசிக்கறப்ப சீட் குஷனையெல்லாம் பிடுங்கி எறிஞ்சானுங்களே!"

குஷனாவது, அவ்வளவு தூரம் பறப்பதாவது என்றார் பேங்க் அண்ணன். பறக்கும் என்றார் ஈரோட்டு அண்ணன். வாயால் சொல்லியிருந்தால் போதாதா? திவானில் ஏறி நின்று, என் நீல உறை போட்ட குஷனை இரண்டு கையாலும் தூக்கி, டிவி ஸ்டாண்டை மேடையாகப் பாவித்து ஓங்கி வீசினார்.

ஃபேன் நாலாம் நம்பரில் ஓடிக்கொண்டிருந்தது.

மேலும் விவரிக்க எனக்குத் தெம்பில்லை. கொஞ்ச நேரம் ஊட்டியில் உறைபனி விழுகிற மாதிரி ஹாலே வெளுத்துப் போனது. பேங்க் அண்ணன் மீசையில் பஞ்சோடு, "சரி, பறக்குது" என்று ஒப்புக்கொண்டார்.

நான் துடைப்பம் எடுத்து வருவதற்குள் அத்தை கேட்டார்: "ஏஞ்சாமி, நீங்க மூணு பேரும் பெங்களூர்ல போயி நேர்லயே பார்த்தீங்களே, அங்கயும் இப்படித்தான் எறிஞ்சாங்களா?"

2012 அக்டோபர். ஸ்லேயர் பெங்களூருக்கு வந்த வருஷம். உடம்பு முடியாத ஜெஃப் ஹன்னமனுக்குப் பதிலாக எக்ஸோடஸ் குழுவின் கேரி ஹோல்ட் கிதார் வாசித்தார், டிரம்ஸில் டேவ் லொம்பார்டோ. வாழ்க்கையில் இவர்கள் நிஜமாகவே நின்று பார்த்த ஒரே ஸ்லேயர் கச்சேரி. இப்போது அருவி கொட்டப்போகிறது என்று நானும் துடைப்பத்தோடு நின்றேன்.

"பிரியாணி நல்லா இருந்துச்சும்மா" என்றார் பேங்க் அண்ணன்.

"போறப்ப ஓசூர் தாண்டினதும் டிராஃபிக்" என்றார் இவர்.

வெம்ப்ளியின் கைதட்டலைத் தரம் பிரிக்கிறவர்களுக்குப் பெங்களூரில் ஞாபகம் இருந்தது இவ்வளவுதான்.

"நான் எங்கம்மா பார்த்தேன்?" என்று ஈரோட்டு அண்ணன் வெடித்தார். "கூட்டத்துல இவங்களை விட்டுப் பிரிஞ்சு பின்னாடி மாட்டிக்கிட்டேன். முன்னாடி எவனோ ஒருத்தன் கச்சேரி பூரா போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நின்னான். லொம்பார்டோ இருக்கற இடத்தைக் கரெக்டா மறைச்சான். அது வேற அடிக்கொரு தரம் பளிச்சு பளிச்சுனு வெளிச்சம் போடுது. நம்ம பக்கத்து ஆளுதான். போன்ல சின்னதா ஒரு வேல் தொங்குச்சு."

இந்தக் கதையை எல்லார் கல்யாணத்திலும் சொல்லியிருக்கிறார். வேல் மட்டும் இதுவரை வந்ததில்லை.

"பித்தளை வேலா, செவப்புக் கயித்துல?" என்றார் அத்தை.

"ஆமாம்மா."

"அது நான் பழனியில வாங்கி இவனுக்கு மாட்டி விட்டதாச்சே."

இவர் அவசரமாகப் பஞ்சு பொறுக்க ஆரம்பித்தார்.

விசாரணையில் வெளிவந்தது: எங்களுக்கு அப்போது நிச்சயம் ஆகியிருந்தது. நான் சேலத்தில் ஹாஸ்டலில். எனக்கும் கேட்கட்டும் என்று போன் போட்டுத் தூக்கிப் பிடித்திருக்கிறார். போன் வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காதில் வைத்த ரூம்மேட், "உங்க மாமியார் வீட்ல கிரைண்டர் ஓடுதுடி" என்று திருப்பிக் கொடுத்தாள். இரண்டு நிமிஷம் இருக்கும், கூட்டத்தில் டவர் கிடைக்காமல் கட் ஆகிவிட்டது. என்னவோ ஏதோ என்று பயந்து நானும் விடாமல் திருப்பி அடித்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை.

"கட் ஆச்சா?" என்றார் இவர். முகத்தைப் பார்க்கணுமே! "நீ கடைசி வரைக்கும் கேட்டுட்டிருக்கேன்னுல்ல நினைச்சேன். கை மாத்தி கை மாத்திப் பிடிச்சிருந்தேன். மறுநாள் தோளைத் தூக்க முடியலை."

ஸ்கிரீன் பின்பக்கம் பார்த்து இருந்திருக்கிறது. அந்த பளிச்சு பளிச்சு நான்தான்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஈரோட்டு அண்ணனுக்குத் தெரிந்தது. "கட் ஆன போனுக்காடா நான் லொம்பார்டோவை விட்டேன்?" என்று தொடங்கியவர் டீ ஆறும்வரை நிறுத்தவில்லை. கடைசியில் அன்றைய டிக்கெட் காசை இவர் திருப்பித் தந்தாக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. வட்டியோடு. காலண்டர் தாளைக் கிழித்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் பேங்க் அண்ணன். கூட்டு வட்டி போட்டிருக்கிறார், படுபாவி.