கோவன் நகர்மண்டபத்தில் வளர்ந்த படநிறுவனம்

ஸ்காட்லாந்துப் படங்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் 'ரெட் ரோடு' என்ற படத்தில்தான் எனக்குத் தொடங்கியது. கிளாஸ்கோ நகரின் கண்காணிப்புக் கேமராக்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கும் ஒரு பெண்ணின் கதை அது. சுவர் நிறைய அடுக்கியிருக்கும் திரைகளின் முன், அரையிருட்டில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு திரையில் உடல்நலமில்லாத தன் நாயை மெல்ல நடத்திக்கொண்டு போகும் ஒருவர் தெரிகிறார். இன்னொரு திரையில், காதில் பாட்டு ஓட, ஆளில்லாத அலுவலகத்தில் வேலைக்கு நடுவே ஆடும் ஒரு துப்புரவுப் பெண் தெரிகிறாள். தன்னை அறியாத அந்த மனிதர்களைப் பார்த்து அவள் முகத்தில் ஒரு மெல்லிய சிரிப்பு வந்து போகிறது. கேட் டிக்கியின் அந்தச் சிரிப்புக்காகவே படத்தை மறுமுறையும் பார்த்தேன். அப்போதுதான் சிக்மா ஃபிலிம்ஸ் என்ற தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் கண்ணில் பட்டது.

கணக்கு எழுதுவது என் தொழில். ஒரு படம் பிடித்துவிட்டால், அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது, அந்தப் பணம் யாரிடம் திரும்பிப் போனது என்று தேடாமல் என்னால் இருக்க முடிவதில்லை. அப்படித் தேடத் தொடங்கி, இந்த ஒரு நிறுவனத்தின் கதையைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறேன். ஒரு சிறிய நாட்டில் ஒரு சுயாதீனத் தயாரிப்பு நிறுவனம் எப்படி வளர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

தயாரிப்பாளர் ஜிலியன் பெர்ரி, இயக்குநர் டேவிட் மெக்கன்ஸி, அவருடைய தம்பியும் நடிகருமான அலஸ்டர் மெக்கன்ஸி ஆகிய மூவரும் சேர்ந்து 1996இல் கிளாஸ்கோவில் சிக்மாவைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டுகள் ஸ்காட்லாந்துத் திரைப்படத்துக்கு நல்ல காலம். தேசிய லாட்டரியின் வருவாயில் ஒரு பகுதி 1995 முதல் திரைப்படங்களுக்கும் வரத் தொடங்கியிருந்தது. சிதறிக் கிடந்த திரைப்பட அமைப்புகளை ஒன்றாக்கி 1997இல் ஸ்காட்டிஷ் ஸ்கிரீன் என்ற பொது அமைப்பு உருவானது. அதுவரை லண்டனுக்குப் போய் வாய்ப்புக் கேட்டு நின்ற இளைஞர்களுக்கு, சொந்த ஊரிலேயே விண்ணப்பம் கொடுக்க ஓர் இடம் கிடைத்தது. சிக்மாவும் மற்ற எல்லாரையும் போலக் குறும்படங்களில்தான் கைப்பழக்கம் பெற்றது. அவர்களுடைய முதல் முழுநீளப் படம், மலைநாட்டுப் பகுதியில் டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்ட 'த லாஸ்ட் கிரேட் வில்டர்னஸ்', 2002இல்தான் வந்தது. நிறுவனம் தொடங்கி ஆறு ஆண்டுகள் கழித்து முதல் படம் என்றால், இடைப்பட்ட காலத்தில் வாடகையும் சம்பளமும் எப்படிக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் என் மனம் முதலில் கேட்டது.

இந்தத் தொழிலின் கணக்கு வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் பிடிபடாது. ஒவ்வொரு படத்துக்கும் தனியாக ஒரு நிறுவனம் பதிவு செய்யப்படும்; படத்தின் வரவும் செலவும் கடனும் அதற்குள்ளேயே நடக்கும். பொது நிதி கொஞ்சம், தொலைக்காட்சி நிறுவனத்தின் பங்கு கொஞ்சம், வெளிநாட்டு விநியோக உரிமையை முன்கூட்டியே விற்றதில் கொஞ்சம், வரிச்சலுகையைக் காட்டி வங்கியில் வாங்கும் முன்பணம் கொஞ்சம் என்று நான்கைந்து கைகளிலிருந்து சேர்ந்தால்தான் ஒரு படத்துக்கான தொகை முழுமையாகும். படம் விற்றுப் பணம் வரும்போது முதலில் விநியோகஸ்தர் தம் செலவையும் தரகையும் எடுத்துக்கொள்வார், அடுத்து கடன் கொடுத்தவர்கள், அதற்கடுத்து முதலீடு செய்தவர்கள். வரிசையின் கடைசியில்தான் தயாரிப்பாளர் நிற்பார். பெரும்பாலும் அவர் முறை வரும்போது பணம் மிஞ்சியிருக்காது. தயாரிப்புச் செலவில் எழுதிக்கொள்ளும் ஊதியம் ஒன்றே அவருக்கு உறுதியான வரவு, அதையும்கூடப் பணம் போதாத நேரத்தில் தள்ளிவைக்கும்படி மற்றவர்கள் கேட்பார்கள். ஆகவே ஒரு படம் பாராட்டுப் பெற்றாலும் நிறுவனத்தின் கையில் அடுத்த கதையை எழுதவைக்கும் அளவுக்குக்கூடப் பணம் நிற்பதில்லை. திறமை இருந்தும் பல சிறிய நிறுவனங்கள் இரண்டு படத்தோடு நின்றுபோவதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அதே கிளாஸ்கோவில் பிளாக் கேமல் பிக்சர்ஸ் என்ற நிறுவனத்தை நடத்தும் இணையர், 2008இல் வெளிவந்த 'அவுட்போஸ்ட்' என்ற திகில் படத்துக்காகத் தங்கள் வீட்டை அடமானம் வைத்து சுமார் 2,00,000 பவுண்டு திரட்டினார்கள். அந்தப் படம் விற்றது, மேலும் இரண்டு பாகங்களும் வந்தன. சொந்த வீட்டைப் பந்தயம் வைத்துத்தான் முதல் அடி எடுத்துவைக்க முடியும் என்ற நிலையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கலக்கமாகத்தான் இருக்கிறது.

சிக்மா வேறு வழியில் போனது, அந்த வழி கோபன்ஹேகனில் தொடங்கியது. லார்ஸ் வான் ட்ரியரும் பீட்டர் ஆல்பெக் யென்சனும் 1992இல் தொடங்கிய சென்ட்ரோபா நிறுவனம், நகரத்துக்கு வெளியே அவடோரே என்ற இடத்தில் கைவிடப்பட்ட ராணுவக் குடியிருப்பு ஒன்றில் குடியேறி, சிறு நிறுவனங்கள் பலவற்றையும் பக்கத்தில் சேர்த்துக்கொண்டு, அந்த இடத்தையே ஒரு திரைப்பட நகரமாக மாற்றியிருந்தது. டென்மார்க்கும் ஸ்காட்லாந்தும் ஏறத்தாழ ஒரே அளவு மக்கள்தொகை கொண்டவை. ஆனால் டென்மார்க் உலக விழாக்களுக்கு ஆண்டுதோறும் படம் அனுப்பியது, ஸ்காட்லாந்தால் முடியவில்லை. இந்த வேறுபாட்டைப் பார்த்துப் புலம்பாமல், அங்கே என்ன நடக்கிறது என்று போய்க் கற்றுக்கொண்டது சிக்மாவின் பெருமை. லோன் ஷெர்ஃபிக் இயக்கத்தில் கிளாஸ்கோவில் படமான 'வில்பர்' இரு தரப்பும் கைகோத்த தொடக்ககாலப் படங்களில் ஒன்று.

அந்த உறவில் விளைந்ததுதான் 'அட்வான்ஸ் பார்ட்டி' என்ற திட்டம். அதன் விதிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. இதுவரை முழுநீளப் படம் எடுத்திராத மூன்று இயக்குநர்கள் மூன்று படங்கள் எடுக்க வேண்டும். லோன் ஷெர்ஃபிக்கும் ஆண்டர்ஸ் தாமஸ் யென்சனும் எழுதிக்கொடுத்த பாத்திரங்கள் மூன்று படங்களிலும் வர வேண்டும், அவற்றை அதே நடிகர்களே ஏற்க வேண்டும். ஆனால் யார் முதன்மை, யார் ஓரம் என்பதை அந்தந்த இயக்குநர் முடிவு செய்துகொள்ளலாம். எல்லாக் கதைகளும் ஸ்காட்லாந்தில் நடக்க வேண்டும், படப்பிடிப்பு ஆறு வாரத்துக்குள் முடிய வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இது கலை விளையாட்டு. உள்ளே பார்த்தால், அறிமுக இயக்குநர் ஒருவரை நம்பிப் பணம் போடத் தயங்கும் முதலீட்டாளர்களிடம், மூன்று படங்களைச் சேர்த்துக் காட்டி, இரண்டு நாடுகளின் நிதியையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவரும் மிகக் கூர்மையான தொழில் ஏற்பாடு. அதில் முதலாவதாக ஆண்ட்ரியா ஆர்னால்ட் எடுத்த படம்தான் நான் மேலே சொன்ன 'ரெட் ரோடு'. அது 2006இல் கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போய் நடுவர் பரிசைப் பெற்றது. இரண்டாவதாக மோராக் மெக்கினன் இயக்கிய 'டாங்கீஸ்' 2010இல் வந்தது. மூன்றாவது படம் அந்த விதிகளின்படி வரவே இல்லை. அது வராமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. என்றாலும் ஒரு திட்டம் முழுமையடையாமலேயே ஒரு நிறுவனத்தின் நிலையை உயர்த்திவிட முடியும் என்பதை இதில்தான் பார்த்தேன்.

டென்மார்க்கில் கற்ற இரண்டாவது பாடம் கட்டடம். கோவன் ஒரு காலத்தில் கப்பல் கட்டும் தொழிலால் செழித்து, 1912இல் கிளாஸ்கோவுடன் இணைக்கப்படும் வரை தனி நகராட்சியாகவே இருந்த ஊர். கப்பல் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பிறகு ஊர் மெலிந்தது; 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திறக்கப்பட்ட, சிவந்த மணற்கல்லாலான அதன் நகர்மண்டபம் மட்டும் பழைய மிடுக்குடன் நின்றது. அந்த மண்டபத்தைத்தான் சிக்மா முன்னின்று 'ஃபிலிம் சிட்டி கிளாஸ்கோ' என்ற திரைப்பட மையமாக மாற்றியது. அந்தப் பெயரே, திரைப்பட நகரம் என்று பொருள்படும் அவடோரே மையத்தின் டேனிஷ் பெயரை மொழிபெயர்த்து வைத்ததுதான்.

ஒரு முறை கிளாஸ்கோ போயிருந்தபோது கோவனுக்குப் போய் அந்தக் கட்டடத்தின் எதிரே நெடுநேரம் நின்றேன். மழை விட்டுவிட்டுப் பெய்தது. நனைந்த கல் கரும்சிவப்பாகத் தெரிந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்மானம் நிறைவேற்றிய மண்டபத்துக்குள் இப்போது படத்தொகுப்பு அறைகளும் தயாரிப்பு அலுவலகங்களும் ஒலிக்கலவைக் கூடமும் இருக்கின்றன. படப்பிடிப்பு ஸ்காட்லாந்தில் நடந்தாலும், அதன்பின் ஒலியும் தொகுப்பும் லண்டனுக்குப் போய்விடுவது அந்நாட்டின் பழைய குறை. வேலை போனால் அந்த வேலை தெரிந்த ஆளும் பின்னாலேயே போய்விடுவார். கூடத்தை ஊரிலேயே வைத்தால், ஒலிப்பதிவாளர் ஒருவர் கிளாஸ்கோவிலேயே வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, அடுத்த படத்துக்கும் அங்கேயே இருப்பார். சிக்மாவின் வளர்ச்சியை அளக்கச் சொன்னால், பெற்ற விருதுகளை எண்ணுவதற்கு முன் நான் இந்த மண்டபத்தைத்தான் சுட்டிக்காட்டுவேன்.

படங்களும் இடைவிடாமல் வந்தன. எடின்பரோவின் கூரைகளில் ஏறித் திரியும் இளைஞனைப் பற்றிய 'ஹாலம் ஃபோ' 2007இல் பெர்லின் விழாவில் இசைக்காக வெள்ளிக் கரடி விருது பெற்றது. இவான் மெக்ரெகரும் ஈவா கிரீனும் நடித்த 'பெர்ஃபெக்ட் சென்ஸ்' கிளாஸ்கோவிலேயே எடுக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டின் டி இன் த பார்க் இசைத் திருவிழாவின் உண்மையான கூட்டத்துக்கு நடுவில், கைவிலங்கால் பிணைக்கப்பட்ட இரண்டு இசைக்கலைஞர்களின் கதையை ஏறக்குறைய ஐந்தே நாளில் எடுத்து முடித்தார்கள். பணம் இல்லாத காலத்தில் பழகிய சிக்கனம், பிற்பாடு துணிச்சலாக மாறுவதை இதில் காணலாம். அடுத்து வந்த சிறைப்படமான 'ஸ்டார்டு அப்' வட அயர்லாந்தின் பழைய சிறைக் கட்டடங்களில் உருவானது. சிறைக்கைதிகளுடன் பல ஆண்டுகள் சிகிச்சையாளராகப் பணியாற்றிய ஒருவர் எழுதிய கதை அது. அதன் வலிமைதான் அதை இயக்கிய டேவிட் மெக்கன்ஸியை அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் கவனிக்கச் செய்தது என்று நான் நம்புகிறேன். அங்கே அவர் இயக்கிய 'ஹெல் ஆர் ஹை வாட்டர்', சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது.

அந்த வெற்றிக்குப் பிறகு அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். ராபர்ட் த புரூஸ் மன்னனின் கதையான 'அவுட்லா கிங்' படத்தை, பெர்ரி தயாரிப்பாளராக இருக்க, நெட்ஃபிளிக்ஸ் பணத்தில் 2017இல் ஸ்காட்லாந்து முழுக்கச் சுற்றி எடுத்தார்கள். செலவு 12 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. டொராண்டோ விழாவில் 2018 செப்டம்பரில் முதலில் காட்டியபோது படம் நீளம் என்ற கருத்து எழுந்தது. மெக்கன்ஸி தாமே உட்கார்ந்து இருபது நிமிடங்களுக்கு மேல் வெட்டி, நவம்பரில் வெளியிட்டார். பார்வையாளர்கள் சொன்னதைக் கேட்டுத் தன் கையாலேயே வெட்டும் மனம் எல்லா இயக்குநருக்கும் வாய்ப்பதில்லை.

ஆனால் இந்த உயரத்தைப் பற்றி என் கணக்குப் புத்திக்கு ஒரு கவலையும் உண்டு. இணையத் திரை நிறுவனம் முழுச் செலவையும் ஏற்கும் ஏற்பாட்டில் தயாரிப்பாளருக்கு ஊதியம் சரியாகக் கிடைக்கிறது, இரவில் தூக்கமும் வருகிறது. பொதுவாக உரிமை மட்டும் அவர் கையில் தங்குவதில்லை. பிற்காலத்தில் மறுபடி விற்கவும், அதைக் காட்டிக் கடன் வாங்கவும் உதவுவது உரிமைதான். பெரிய படங்கள் ஊருக்கு வருவது நல்லது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைக்கிறது. 'அவுட்லேண்டர்' தொடருக்காகக் கம்பர்னால்டில் ஸ்டுடியோ அமைந்ததும், 2020இல் லீத் துறைமுகப் பகுதியில் இன்னொரு ஸ்டுடியோ வந்ததும் அத்தகைய தேவையால்தான். எனினும் வெளியார் கதைக்கு ஆள் கொடுக்கும் ஊராக மட்டும் ஸ்காட்லாந்து நின்றுவிடக் கூடாது. சிக்மாவின் அண்மைப் படங்களில் ஒன்றான 'ரிலே' நியூயார்க்கில் நடக்கும் கதை. அது நல்ல படம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் கிளாஸ்கோ தெரு ஒன்று திரையில் வராதா என்று என் கண் தேடியது.

இப்போது சிறிய படங்களுக்கு ஆதரவாக ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பிரிட்டனின் புதிய வரிச்சலுகைத் திட்டத்தில், 2024 ஏப்ரல் முதல் படப்பிடிப்புத் தொடங்கிய சுயாதீனப் படங்களுக்கு, 1.5 கோடி பவுண்டு வரையிலான மையச் செலவுக்கு (படப்பிடிப்புக்கும் அதற்கு முன்னும் பின்னும் ஆகும் தயாரிப்புச் செலவு), தகுதியுள்ள பகுதியின்மீது 53 சதவீத வரவு, அதாவது வரிக்கணக்கில் அரசு தரும் தொகை, கிடைக்கிறது. மற்றப் படங்களுக்கு அது 34 சதவீதம். அந்த வரவுக்கு வரி உண்டு, வேறு நிபந்தனைகளும் உண்டு. அவற்றைக் கழித்துப் பார்த்தாலும், நான்கைந்து கைகளில் கையேந்தி நிற்கும் தயாரிப்பாளருக்கு அதில் ஒரு பெரிய கையின் பாரம் குறைகிறது. 'ரெட் ரோடு' எடுத்த நாளில் இப்படி ஒன்று இருந்திருந்தால் மூன்றாவது படமும் வந்திருக்குமோ என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். அந்தப் படத்தில் வானத்தை மறைத்துக்கொண்டு நின்ற அடுக்குமாடிகளில் கடைசியாக எஞ்சியவையும் 2015 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கோவனில் மண்டபம் இருக்கிறது, தொகுப்பு அறைகள் இருக்கின்றன, வேலை தெரிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். முதல் படம் எடுக்கக் காத்திருக்கும் இன்னும் மூன்று பேரை ஆறு வாரக் கெடுவுடன் சிக்மா அங்கே அழைக்கும் செய்தி என்றைக்காவது வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.