தூக்கில் மிஞ்சிய எண்ணெய்

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஒரே தடவையில் சரியாகவில்லை. இரண்டாவது முறை தியேட்டருக்குள் கொண்டுபோனபோதே அம்மா தில்லைக்காளிக்கு எண்ணெய் வேண்டிக்கொண்டாள். அதுவும் ஆடி வெள்ளியில்தான் செலுத்தணுமாம். யார் தடுக்க?

கடலூரில் செக்கு நல்லெண்ணெய் வாங்கி, எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, அப்பா மடியில் வைத்திருந்தார். புதுச்சத்திரம் பக்கம் ஒரு வேகத்தடையில் மூடி கழன்று பாதி எண்ணெய் வேட்டியில். அம்மா முகம் செத்துப்போயிற்று. "விடுடி, அவளுக்கு வேணுங்கறத அவ வாங்கிப்பா" என்றார் அப்பா.

சிதம்பரத்தில் முதலில் நடராஜர். நிருத்த சபையில் காலைத் தலைக்குமேல் தூக்கிய ஊர்த்துவ தாண்டவத்தைப் பார்த்ததும் அம்மா வழக்கம்போல் ஆரம்பித்தாள். காளியோடு ஆடிய போட்டியில் சிவன் விழுந்த தோட்டைக் காலாலேயே எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டால், பொம்பளை எப்படி அதே மாதிரி ஆடுவாள்? கூச்சப்பட்டு நின்றவளைத் தோற்றாள் என்று ஊர் எல்லைக்கு அனுப்பியது நியாயமா? எங்கள் வீடு எப்போதுமே காளி கட்சி.

எல்லைக்குப் போகும் வழியில் இப்போது ஒரு தில்லை மரம்கூடக் கண்ணில் படவில்லை. அதைப் பார்க்கப் பிச்சாவரத்துக்குத்தான் போகணும். அங்கே ஒருமுறை படகுக்காரர், "பால் பட்டா கண்ணு போயிடும், தொடாதீங்க" என்று கத்தியது ஞாபகம் வந்தது. வாயில் வரவில்லை, அப்பா பக்கத்தில் இருந்தார்.

13ஆம் நூற்றாண்டில் கோப்பெருஞ்சிங்கன் கட்டிய கோயில். வாசலில் எண்ணெய் விற்கிறவர்களின் பிடுங்கல் தாங்கவில்லை. தூக்கைக் காட்டினாலும், "வீட்டு எண்ணெய் ஆகாதும்மா" என்று பொய் வேறு. வரிசையில் இரண்டு மணி நேரம். அப்பாவின் வேட்டி என் சேலையிலும் ஒட்டியது.

குருக்கள் தூக்கை வாங்கி, மிஞ்சியதைக் கவிழ்த்துக்கொண்டார். உள்ளே வெள்ளைப் புடவை, உடம்பெல்லாம் குங்குமக் காப்பு, அதற்குள்ளிருந்து பார்க்கிற அந்தக் கண்கள்! அப்பா நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். ஆபரேஷன் செய்த கண்ணால் மட்டும் பார்த்தார். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், "நகருங்க, நகருங்க" என்கிறார்கள், அவர் அசையவில்லை.

"செவப்பா இருக்கா" என்றார்.

தாயே, காளியம்மா! அதற்கப்புறம் கோபம் தணிந்து நாலு முகத்தோடு இருக்கும் பிரம்ம சாமுண்டீஸ்வரியைக் கும்பிட்டது, பிரசாதம் வாங்கியது எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. அம்மா அழுதுகொண்டே வந்தாள், நானும்தான்.

அந்த எண்ணெய் வேட்டியை அம்மா இன்னும் துவைக்கப் போடவில்லை.