கடிதத்தில் விட்டுப்போன வகை 2

எங்கள் கிருமிநாசினியை விற்பதற்கான அனுமதி ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான், ஆனால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் கிருமிநாசினி தயாரிக்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. உயிர்க்கொல்லிப் பொருட்களுக்கான 528/2012 ஒழுங்குமுறை, ஐயூக்ளிட் மென்பொருளில் தரவுக் கோப்பு, ஆய்வக அறிக்கைகள், ஆர்4பிபி என்ற விண்ணப்பத் தளத்தில் ஏற்றுவது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. இடித்தது அணுகல் கடிதத்தில், அதாவது மூலப்பொருள் பற்றிய தங்கள் ஆய்வுத் தரவை எங்கள் விண்ணப்பத்துக்குப் பயன்படுத்தலாம் என்று தரவின் உரிமையாளர் தரும் கடிதத்தில்.

எங்கள் திரவம் கைக்கும் ஆகும், மேசை துடைக்கவும் ஆகும். ஒழுங்குமுறை பொருட்களைப் பயன்பாட்டு வகைகளாகப் பிரிக்கிறது: கை என்றால் வகை 1, மேசை என்றால் வகை 2. எங்களுக்குக் கிருமியைக் கொல்லும் மூலப்பொருளான ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தருபவர்கள் 95-ஆம் பிரிவுப் பட்டியலில் (மூலப்பொருள் தர ஏற்கப்பட்டவர்களின் பட்டியல்) இரண்டு வகைக்குமே இருக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். ஆனால் எங்களுக்குக் கொடுத்த கடிதத்தில் மூன்றாம் பத்தியில் வகை 1 மட்டும்தான். போனில் கேட்டபோது "அது எல்லாத்துக்கும் செல்லும் சார்" என்றவரை நம்பியது என் தப்பு. அதிகாரி ஒரே வரியில் கேட்டார்: வகை 2-க்கு எங்கே? விடுபட்டதைக் கொடுக்க வழக்கமாக அதிகபட்சம் 90 நாள், தாண்டினால் விண்ணப்பம் நிராகரிப்பு. புதுக் கடிதத்துக்குத் தனி விலை என்றார்கள், அப்புறம் பேரம், அப்புறம் அவர்கள் வக்கீல், அப்புறம் அந்த வக்கீலின் விடுமுறை... 81-ஆம் நாள்தான் வந்தது. பிரித்ததும் மூன்றாம் பத்திக்குத்தான் போனேன்.

விண்ணப்பக் கட்டணத்திலும் தப்பித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். 30 நாளுக்குள் கட்டாவிட்டால் அதற்கும் நிராகரிப்புதான், எங்கள் கணக்காளரோ அந்த இன்வாய்ஸை மின்சார பில்லோடு அடுக்கி வைத்திருந்தார். 27-ஆம் நாள் கட்டினோம். இன்வாய்ஸ் வரும் மெயிலை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்தவர் கையில் விடாதீர்கள்.

லேபிள் கதை தனி. என்னைக் கேட்காமலே முதலாளி 3,000 அடித்து வைத்திருந்தார், நடுவில் பச்சை இலை, கீழே "இயற்கையானது, தீங்கற்றது". இந்த இரண்டு சொல்லையும் 69-ஆம் பிரிவு பெயர் சொல்லியே தடுக்கிறது, விளம்பரத்திலும் போட முடியாது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் எங்கே சார் இயற்கை என்று கேட்டால், எலுமிச்சை வாசனை சேர்த்திருக்கிறோமே என்கிறார்! மூவாயிரமும் குப்பைக்குப் போயின. லேபிள் வாசகத்துக்கு ஒப்புதல் வரும்வரை அச்சகத்துப் பக்கமே போகாதீர்கள்.

இப்போது உணவு படும் இடங்களுக்கும், அதாவது வகை 4-க்கும், விண்ணப்பிக்கலாமே என்கிறார் முதலாளி. முதலில் கடிதத்தைக் காட்டுங்கள் என்றேன்.